கமலவல்லி பெட்டியில் போட்ட கார்டு

கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
18-6-1936

சென்னையில் இருக்கும் பெரியம்மாவுக்கு, தங்கை பெண் செண்பகவல்லி தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி ஆகிய நால்வரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும், தங்கள் முழங்கால் வலியின் அக்ஷேமத்துக்கும் பதில் எழுதவும்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் கட்டு வந்தது. 'பெண்களே, ஓட்டுக் கேளுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் வீதி முழுக்க ஓட்டு வீடுதான் பெரியம்மா. ஒரு வீட்டிலும் பெண்களுக்கு ஓட்டு இல்லை. 'உடனே மனுக் கொடுங்கள்' என்று வேறு கீழே இருக்கிறது. அப்பாவிடம் காட்டி, "மனு கொடுக்கலாம்பா, சாஸ்திரம் எழுதின அந்த மனு ஒத்துக்கணுமே!" என்றேன். அப்பா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, அந்தப் பார்வைக்கு 'கேட் மூடியாச்சு' என்று அர்த்தம். உங்கள் கடிதம் வரலாம், நீங்கள் வரக்கூடாது என்பதுதானே இந்த வீட்டுச் சட்டம். அதில் நோட்டீஸ் எந்தக் கணக்கு என்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஒரு பாவத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் உங்கள் கடிதங்களை நான்தான் உரக்க வாசிக்கிறேன். நடுநடுவே கொஞ்சம் கைச்சரக்கு சேர்ப்பேன். 'வளருகிற பெண்ணுக்குச் சாதத்தில் இன்னொரு கரண்டி நெய் விடவும்' என்று இரண்டு வருஷமாக எழுதிவருகிறீர்கள். 'பரீட்சை சமயத்தில் பாத்திரம் தேய்க்கச் சொல்லாதே' என்றும் எழுதினீர்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே செய்கிறாள். நெய்க்கு வந்தனம்.

இன்னொரு சந்தோஷ சமாசாரம். எனக்குப் பார்த்த மூன்றாவது வரனும் பதில் போடவில்லை. அப்பா கார்டு எழுதி ஆபீஸுக்கு எடுத்துப்போனால் அது கோட்டுப் பையில் இரண்டு மாதம் தூங்கும். அதனால் அம்மா கையில் கொடுப்பார். அம்மா கோயிலுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவாள். 'பெண் பார்க்க வரலாம்' என்று மூன்று பேருக்கும் எழுதினார். ஒருவரும் வரவில்லை. "மரியாதை கெட்ட ஜனங்கள்" என்கிறார். வரன் வருவது வரமாம். எனக்கு வராததே வரம். இப்படியே போனால் ஸ்கூலில் நாலாவது பாரம் படித்து முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பெயரால் நெய் உண்ணும்
செண்பகவல்லி


மயிலாப்பூர், சென்னை
25-6-1936

சிரஞ்சீவி செண்பகத்துக்குப் பெரியம்மா வேதவதியின் ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. அம்மா, அப்பா சௌக்கியம் தானே?

நீ சிரிப்பதற்குச் சிரி, பிறகு கவனமாகப் படி. நீ பிறந்த 1921-ல்தான் இந்த மாகாணச் சட்டசபை பெண்களும் ஓட்டுப் போடலாம் என்றது. அதற்குக் கையெழுத்துச் சேகரித்து நான் ஏறாத வீடு இல்லை. ஆனால் சொத்துள்ள பெண்களுக்குத்தான் ஓட்டு வந்தது. நம் வீடுகளில் பெண் பெயரில் சொத்து ஏது? இப்போது புதுச் சட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நிரூபித்தால் போதும். ஆனால் அவளே வந்து மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் கடைசி நாள் ஆகஸ்டு 29. இருபத்தொரு வயசு ஆகாத உனக்குக் கிடையாது. வீதியில் எழுத்துத் தெரிந்த பெண்கள் யார் யார் என்று பார்த்துச் சொல்.

ஒன்று மட்டும். இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடு. வாசித்துக் காட்டாதே. கொடு.

வேதவதி


ஸ்ரீரங்கம்
6-7-1936

பெரியம்மாவுக்குத் தெண்டன். இங்கே எல்லோரும் க்ஷேமம், என் பாதங்களைத் தவிர. பதினெட்டு வீடு ஏறி இறங்கினேன்.

எழுத்துத் தெரிந்த பெண்கள் இந்த வீதியில் மொத்தம் சைபர். அப்படித்தான் சொல்கிறார்கள். எதிர்வீட்டு மாமியின் மடியில் வாரப் பத்திரிகை விரிந்து கிடக்கிறது. "படிக்கத் தெரியுமா மாமி?" என்றால் "படம் பார்க்கறேண்டி" என்கிறாள். அந்தப் பக்கத்தில் படமே இல்லை! இன்னொரு மாமி, "எழுத்துத் தெரிஞ்சா தாலிக்கு ஆகாதுடி, உங்க பெரியம்மாவைப் பாரு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் படித்ததற்கும் பெரியப்பா போனதற்கும் என்ன சம்பந்தம் பெரியம்மா? இதை யாரும் எனக்குச் சொன்னதில்லையே.

கடிதத்தை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னீர்கள். வாசிக்கத் தெரியாதவள் கையில் கொடுத்து என்ன செய்ய? வழக்கம்போல வாசித்தேன். ஓட்டு சமாசாரத்தோடு 'செண்பகத்துக்குப் பால் பாயசம் வை' என்றும் சேர்த்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அவ்வளவுதான் எழுதியிருக்காளா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். பாயசம் வைத்தாள். கடிதம் மாடத்தில் இருந்தது, இப்போது காணோம். எலி கொண்டுபோயிருக்கும்.

நாலாவது வரன் முளைத்திருக்கிறது. திருவையாற்றுப் பக்கம், நிலம் நீச்சு உள்ள இடமாம். "வயசு முப்பதுக்குள்ளே" என்று அப்பா மேலே பார்த்துக்கொண்டு சொன்னார். இவரும் பதில் போடாதிருக்க ரங்கநாதரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

செண்பகவல்லி


ஸ்ரீரங்கம்
14-7-1936

அக்காவுக்கு கமலவல்லி நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவு.

எழுத்துக் கோணலாக இருக்கும். வாசிப்பதை நான் விட்டதில்லை. எழுதித்தான் இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்தத் தாள் செண்பகத்தின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது.

நீ அடுப்புக்கரியால் கிணற்றடிச் சுவரில் எனக்கு எழுதிக் காட்டினாய். உனக்குப் பதிமூன்று வயசில் உன் அகத்துக்காரர் விஷ ஜுரத்தில் போனார். 'பொண்ணு எழுத்தைத் தொட்டா, தாலி போச்சு' என்றார்கள். அப்பா மறுநாளே அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். என் கல்யாணத்துக்கு இந்த வீட்டார் முதலில் கேட்டது, பெண்ணுக்கு எழுத்துத் தெரியாதே என்றுதான். தெரியாது என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். இருபத்தொரு வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் என் எதிரில் எதையும் மறைக்க மாட்டார்கள். பூனைக்கு எதிரில் யார் மறைப்பார்கள்? செண்பகம் உன் கடிதத்தை வாசிக்கும்போது அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் வாசிப்பேன். நெய் விஷயம் எல்லாம் தெரியும். குழந்தை ஆசைப்பட்டுக் கேட்கிறது, விடுகிறேன்.

அவர் கார்டு எழுதிக் கொடுப்பார். வீதி முனை திரும்புவதற்குள் வாசித்துவிடுவேன். என் ரசத்தைப் பற்றித் தமக்கைக்கு எழுதுவார். அதைப் போட்டுவிடுவேன். வரன் கார்டுகள் மூன்றை மட்டும் போடவில்லை. வெந்நீர் அடுப்பில் போட்டேன். போன வாரம் நாலாவதையும் அந்த அடுப்பிலேயே போட்டேன். அதில் அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'தங்கள் வயது முப்பத்தெட்டு என்பதிலும் இரண்டாந்தாரம் என்பதிலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை. பெண்ணிடமும் அவள் தாயாரிடமும் இப்போது சொல்ல வேண்டியதில்லை.' இப்படி எழுதி, மை காய ஊதி, என் கையிலேயே கொடுத்து, "ஜாக்கிரதையாப் பெட்டில போடு" என்றார்.

நான் மனுக் கொடுத்தால் எழுத்துத் தெரிந்தவள் என்று லிஸ்டில் ஏறுவேன். அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு கார்டும் என் கைக்கு வராது. என் பெண்ணுக்கு இருக்கிற ஒரே காவல் நான் ஒன்றும் தெரியாதவளாக இருப்பது. ஓட்டுக்காக அதை விடட்டுமா? உனக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியும். சொல்.

என் பெயருக்கு எழுதாதே. செண்பகத்துக்கு எழுது, நான் பார்த்துக்கொள்வேன். அவளிடம் சொல்லாதே.

கமலா


சென்னை
9-8-1936

சிரஞ்சீவி செண்பகத்துக்கு ஆசீர்வாதம். மூன்று வாரமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

மனு விஷயமாக ஒன்று. இந்தத் தடவை உங்கள் வீதியில் யாரையும் வற்புறுத்த வேண்டாம். இருக்கிற காவலே பெரிசு. தேர்தல் மறுபடியும் வரும். இதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு.

திருவையாற்று வரன் என்னவாயிற்று? உடனே எழுது.

வேதவதி


ஸ்ரீரங்கம்
15-8-1936

பெரியம்மாவுக்குத் தெண்டன். நாங்கள் க்ஷேமம். நீங்கள் க்ஷேமமா என்றுதான் சந்தேகமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்களா? கையெழுத்தைப் பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்தேன். உங்களுடையதுதான்.

திருச்சி டவுனில் நீங்கள் ஓட்டைப் பற்றிப் பேசினபோது அழுகின வாழைப்பழம் எறிந்தார்களாம். தலைப்பைத் துடைத்துக்கொண்டு மீதிப் பேச்சைப் பேசினீர்களாம். என் சிநேகிதி ரஷீதாவின் அம்மா ஷரபுன்னிசா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு அவளும் திரை போட்ட கோஷா வண்டிக்குள் இருந்து கேட்டாளாம். போன வாரம் டவுனில் மனுவும் கொடுத்துவிட்டாள். அப்பேர்ப்பட்டவர் 'வேண்டாம்' என்று எழுதினால், காவேரி மேற்கே ஓடுகிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் உள்ளபடி வாசித்தேன். சேர்ப்பதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கே பயமாக இருந்தது. அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டாள். "வாழைப்பழம் எறிஞ்ச அன்னிக்கு இங்கே வந்து வாசல்ல நின்னா. உங்கப்பா கதவைச் சாத்தினார். நான் ஜன்னல் வழியாப் பார்த்துண்டே நின்னேன்" என்றாள். பிறகு, "அவ சொன்னா நான் கேக்கணுமா?" என்றாள். எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

திருவையாற்றார் மறுபடி எழுதியிருக்கிறார்கள். 'தங்கள் பதில் வந்து சேரவில்லையே' என்று கேட்டு. அப்பா தபால்காரரைத் திட்டிவிட்டு, நாளைக்கே வேறு கார்டு எழுதப் போகிறார். பெண் பார்த்ததும் ஸ்கூல் நின்றுவிடும் பெரியம்மா. இதற்கு எனக்குச் சிலேடை ஒன்றும் வரவில்லை.

செண்பகவல்லி


ஸ்ரீரங்கம்
29-8-1936

பெரியம்மாவுக்கு. தெண்டன். க்ஷேமமெல்லாம் அப்புறம்.

இன்றைக்குக் காலையில் அப்பா ஏழே முக்கால் ரயிலுக்குப் போனதும் அம்மா பட்டுப் புடைவை கட்டிக்கொண்டு, "என்னோட வா" என்றாள். கோயிலுக்கு என்று நினைத்தேன். மனு வாங்குகிற பள்ளிக்கூட வராந்தாவில் போய் நின்றாள்.

மேஜைக்குப் பின்னால் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா சகாயநாதன் என்று ஒருவர். "வாங்கம்மா, யாருக்கு மனு?" என்றார்.

"எனக்கு."

நான் அம்மாவின் முழங்கையை இழுத்தேன். "அம்மா, எழுதிக் காட்டணும்மா. உனக்கு..."

"சும்மா இருடி."

அவர் தாளைத் தள்ளினார். அம்மா பேனாவை எடுத்து, மையைத் தொட்டு, 'கமலவல்லி' என்று எழுதினாள். பெரியம்மா, கல் தூண் திரும்பிப் பார்த்துப் பேசினால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எழுத்துக் கோணல்தான். ஆனால் எழுத்து!

"பேரை மட்டும் உருப்போட்டு எழுதறவங்க இருக்காங்கம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. சொந்தமா ரெண்டு வரி எழுதுங்க, எதுவானாலும் சரி."

அம்மா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். எழுதினாள். அவர் எடுத்து உரக்க வாசித்தார்: "என் அக்காள் கடிதத்தில் எழுதாத நெய்யை என் பெண் இரண்டு வருஷமாக வாசித்துச் சாப்பிடுகிறாள்." வாசித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. பிளந்திருக்கலாம்.

திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னாள். நாலு கார்டும் வெந்நீர் அடுப்பும். முப்பத்தெட்டு வயசு. இரண்டாந்தாரம். என்னிடமும் அவளிடமும் சொல்ல வேண்டாம் என்று அப்பா எழுதினது. நான் வீதி நடுவில் நின்றுவிட்டேன். குறும்புக்காரி என்று எனக்குப் பெயர். நான் நெய் திருடின அதே அடுப்பங்கரையில் இவள் மாப்பிள்ளைகளையே எரித்திருக்கிறாள்!

"திருவையாத்துக்கு மறுபடி எழுதின அஞ்சாவது கார்டு?" என்றேன். "அதையும் எரிச்சாச்சா?"

"போட்டுட்டேன்."

"அம்மா!"

"எத்தனை நாள் எரிக்கறது? கீழே ரெண்டு வரிக்கு இடம் இருந்தது" என்றாள். என்ன எழுதினாய் என்று கேட்பதற்குள் முன்னால் நடந்துவிட்டாள்.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. என்ன நடக்கப் போகிறது பெரியம்மா?

செண்பகம்


சென்னை
3-9-1936

சிரஞ்சீவி செண்பகத்துக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்பு சுகம். மனசு அவ்வளவு சுகமில்லை.

உன் அம்மா ஜூலையில் எனக்கு எழுதினாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்றதால் சொல்லவில்லை. மூன்று வாரம் பதில் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை வாசலில் நின்று, 'பயப்படாமல் வெளியே வாங்கோ' என்று பேசியிருக்கிறேன். பயந்தவர்களைக் கோழைகள் என்று நினைத்ததும் உண்டு. சொந்தத் தங்கை கேட்டதும், உன் முகம் நினைவுக்கு வந்ததும், 'உள்ளேயே இரு' என்று எழுதினேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் செய்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. நான் எழுதினது சரியில்லை என்பது தெரியும்.

என் கதையைக் கேட்டிருந்தாய். ஊர் சொன்னதை அப்போது நானும் நம்பினேன். பதினேழு வயசு வரை ஒரு புஸ்தகத்தையும் தொடவில்லை. என்னால்தான் அவர் போனார் என்று நினைத்தேன். அதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கார்டில் என்ன எழுதினாள்? அப்பா உன்னையோ அவளையோ ஏதாவது சொன்னால் தந்தி கொடு. கதவு சாத்தியிருந்தாலும் வருவேன்.

வேதவதி


ஸ்ரீரங்கம்
13-9-1936

பெரியம்மாவுக்குத் தெண்டன். மூவரும் க்ஷேமம், ஆனால் பேச்சுவார்த்தைதான் க்ஷேமமில்லை. தந்திக்கு அவசியப்படவில்லை.

வியாழக்கிழமை திருவையாற்றிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே அப்பா எழுதின கார்டே திரும்பி வந்திருந்தது. 'வீட்டில் ஒரே அபிப்பிராயம் ஏற்பட்ட பிறகு எழுதவும்' என்று ஒரு சீட்டு. அப்பா கார்டைத் திருப்பினார். அவர் கையெழுத்துக்குக் கீழே:

'எனக்கு ஆட்சேபம் உண்டு. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். கமலவல்லி, பெண்ணின் தாயார்.'

அப்பா அதை மூன்று தரம் வாசித்தார். "இது யார் எழுத்து?" என்றார்.

"என் எழுத்துதான்."

"உனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

"உங்காத்துல கேட்டா. எங்கப்பா சொன்னார். என்னை யாரும் கேக்கலையே."

அப்பா அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. வேறு எதையோ எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நான் எழுதினதெல்லாம் வாசிச்சியா?"

"எல்லாம்."

"அக்காவுக்கு எழுதினதும்?"

"ரசம் உள்பட."

"மத்த மூணு வரன்?"

"திருவையாத்தையும் சேர்த்து நாலு கார்டு. அடுப்புல."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார்.

"சொல்லியிருந்தா கையில குடுத்திருப்பேளா?"

மனுக் கொடுத்ததையும் அம்மாவே சொல்லிவிட்டாள். அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் முதல் கார்டுகளைத் தானே எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போகிறார். அம்மா பயந்தது அதைத்தான். இனி எந்த வரனுக்கு என்ன எழுதுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. நேற்றுக் கோட்டைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவலாமா என்று நினைத்தேன். "தொடாதே. திருட்டுத்தனமா வாசிச்சது போதும்" என்றாள் அம்மா.

நான் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நாளைக்கும் போவேனா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

செண்பகம்


ஸ்ரீரங்கம்
1-2-1937

ஸ்ரீமதி வேதவதி அம்மாளுக்கு, செண்பகத்தின் தகப்பன் சடகோபன் நமஸ்காரம். இங்கு யாவரும் சுகம். தங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். தங்கள் சகோதரியின் பெயர் ஓட்டர் லிஸ்டில் 412-ம் இலக்கத்தில் வந்திருக்கிறது. இம்மாதம் ஓட்டுப் பதிவு. உடன் செல்ல நான் வருகிறேன் என்றேன். அக்காதான் வர வேண்டும் என்கிறாள். யாருக்குப் போடுவாய் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்கிறாள். செண்பகத்தின் படிப்பு ஸ்கூல் பைனல் வரை நடக்கும். வரன் விஷயம் அதன் பிறகு, அவள் தாயாரையும் அவளையும் கேட்டுக்கொண்டு. தாங்கள் இந்த வீட்டுக்கு வருவதில் எனக்கு எக்காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு இந்தக் கார்டை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சடகோபன்

வாசித்தேன். எக்காலத்திலும் என்பது பொய். பாக்கி நிஜம். புறப்பட்டு வா.
கமலா